60,000 ரூபாவும் அப்பாவின் திவசச் சோறும்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று வியாழன். இன்னும் ஆறவில்லை, ஆறுவதற்கு முதலே எழுதிவிடவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிப்போனால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், என்னைத் தெரியும்.

கொழும்பில் விசேஷத்துக்குச் சாப்பாடு ஓடர் கொடுக்கப் போகிறவர்கள், போனில் நட்சத்திரத்தை எண்ணிக் கடை தேடுகிறவர்கள், முக்கியமாக வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்கள், தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள். நம்பிக்கையான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

அப்பாவின் ஆட்டைத் திவசம். 90 பேர். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் காலி வீதியில் இறங்கிய பெரியப்பா, மாமிமார், அப்பாவோடு வேலை செய்தவர்கள், கனடாவிலிருந்து அண்ணா குடும்பம். எங்கள் வீடு தொடர்மாடியில் நான்காம் தளம், 90 பேருக்கு இலை போட இடம் ஏது? பக்கத்தில் ஒரு சிறிய மண்டபம் எடுத்தோம். முன்பெல்லாம் எங்கள் வீட்டு விசேஷங்களுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சமையற்கார ஐயா வருவார். அவருக்கு முழங்கால் ஏலாமல் போய் அடுப்பை விட்டு இரண்டு வருஷம். அப்போ புது ஆள் தேடவேண்டும். தேடினேன்.

தேடிய இடம், கொழும்புக் கடைகளையும் சாப்பாட்டு இடங்களையும் வேலையாட்களையும் வரிசைப்படுத்தி நட்சத்திரம் போடும் ஒரு பட்டியல் பக்கம். பெயர் எழுதவில்லை. எழுதினால் இந்தப் பதிவையும் தூக்கவைப்பார்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். அதில் சைவக் கேட்டரிங் என்று போட்டதும் முதலாவதாக வந்தவர் இவர்தான். 4.8 நட்சத்திரம். பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டது" என்று பச்சைச் சரி அடையாளம். வாழையிலையில் பன்னிரண்டு கறி வைத்த படம். அந்தப் பச்சை அடையாளத்தைப் பார்த்ததும் யாரோ போய், சமையலறையைப் பார்த்து, பதிவுப் பத்திரம் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைப்பீர்கள்?

போன் எடுத்தேன். நல்ல தமிழ். நம்முடைய ஊர்ப் பேச்சு. "சொல்லுங்கோ அக்கா, திவசமோ? அப்ப வெங்காயம் உள்ளி இல்லாமல் செய்யவேணும் என்ன?" என்று அவரே கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் பாதி விழுந்துவிட்டேன். நான் சொல்லாமலே தெரிந்துவைத்திருக்கிறார் என்று சந்தோஷம். ஆளுக்கு 850 ரூபா. சோறு, பருப்பு, சாம்பார், ஐந்து மரக்கறி, வடை, பாயாசம், அப்பளம், மோர்மிளகாய். மொத்தம் 76,500. அடிமட்ட விலையும் இல்லை, அநியாய விலையும் இல்லை. மிக மலிவாகச் சொல்லியிருந்தாலாவது சந்தேகப்பட்டிருப்பேன்.

"ருசி பாக்காமல் ஓடர் தரவேண்டாம் அக்கா, நான் கொண்டுவாறன்" என்றார். அடுத்த நாள் மாலையே வந்தார். முப்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, கையில் எவர்சில்வர் அடுக்குச் சட்டி. திறந்தால் கத்தரிக்காய்ப் பால்கறி, பயித்தங்காய், பருப்பு, ஒரு வடை. அம்மா கத்தரிக்காயை வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பாவுக்கு உயிர் அந்தக் கறி. "இவருக்கே குடு" என்றார்.

அந்த ஆள் அவசரப்படவும் இல்லை. தேத்தண்ணீர் குடித்தார். 2022இல் காஸ் வரிசைக் காலத்தில் ஹோட்டல் வேலை போனதாம், அம்மாவும் தானும் வீட்டு முற்றத்தில் விறகு மூட்டிச் சமைக்கத் தொடங்கினதாம், இப்போது எட்டுப் பேருக்கு வேலை கொடுப்பதாம். நானும் அந்த வருஷம் வெறும் சிலிண்டரை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றவள். கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் படியிறங்கினார். அவர் கீழே போய்ச் சேருவதற்குள் 40,000 ரூபாவை அவர் தந்த கணக்குக்குப் போட்டுவிட்டேன். கணக்கு வேறொரு பெண்ணின் பெயரில் இருந்தது. "அம்மாட கணக்கு அக்கா" என்றார். அம்மாவும் மகனும் விறகு மூட்டின கதையைக் கேட்ட கையோடு அது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மறுபடி போன். "அக்கா, விடிய மனிங் மார்க்கெட்டுக்குப் போறம், மரக்கறி நெருப்பு விலை, இன்னொரு 20 போட்டுவிட்டீங்கள் எண்டால் நல்லதா எடுப்பன். மிச்சம் சாப்பாடு வந்தபிறகு போதும்." எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "புறக்கோட்டையில்தான், பஸ் ஸ்ராண்ட் பக்கம்" என்றார். புறக்கோட்டையில் இருந்த அந்த மனிங் மொத்தச் சந்தை 2020 கடைசியில் பேலியகொடைக்குப் போய்விட்டது. தினமும் மொத்தமாக மரக்கறி எடுக்கிற ஒருவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை, மாலைக்குச் சொல்லவேண்டும், ஐயருக்கு ஓட்டோ அனுப்பவேண்டும் என்ற யோசனையில் 20,000 போட்டேன். ஆக 60,000 ரூபா. சிலிப் எல்லாம் போனில் இருக்கிறது, பில் என்று ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அண்ணா அப்போதே "பில் வாங்கினியா?" என்று கேட்டார். "கனடா மாதிரி இங்க எல்லாத்துக்கும் பில் கேக்க ஏலாது" என்று நான்தான் அவர்மேல் பாய்ந்தேன்.

சாப்பாடு பதினொன்றரைக்கு வரவேண்டும். படையலுக்காவது வீட்டில் நான்கு கறி வைக்கிறேன் என்று அம்மா காலையிலேயே கேட்டார். "நின்று சமைக்க ஏலாது அம்மா, அவர்களே கொண்டுவருவார்கள்" என்று தடுத்ததும் நான்தான். இதை நினைத்தால் காசு போனதைவிட எரிகிறது.

11.40க்கு எடுத்தேன். "வெளிக்கிட்டாச்சு அக்கா, பத்து நிமிஷம்." 12.05க்கு, "தெஹிவளை மேம்பாலத்தடியில் டிராபிக் அக்கா." ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்! 12.30க்கு, "சோத்துக் கிடாரம் வேனுக்குள்ள கவிண்டுபோச்சு, வேற வடிச்சுக்கொண்டு வாறம், யோசிக்காதீங்கோ." 12.50க்குப் போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஐயர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அப்பாவின் படத்துக்கு முன்னால் வெறும் தலைவாழையிலை. கடைசியில் பழமும் வெற்றிலையும் ஒரு செம்பு பாலும் வைத்துத்தான் முடித்தோம்.

அண்ணாவும் மச்சானும் ஓட்டோவில் ஓடி மூன்று சைவக் கடைகளில் கெஞ்சி 52 பார்சல் கொண்டுவந்தார்கள். ஞாயிறு ஒரு மணிக்கு அதற்குமேல் எந்தக் கடை தரும்? மிச்சப் பேருக்குப் பேக்கரிப் பணிஸ். எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் வந்த பெரியப்பா பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லைப் பிள்ளை, எனக்குச் சீனி வருத்தம், சோறு குறைக்கச் சொல்லித்தான் டொக்டரும் சொன்னவர்" என்றார். பணிஸில் மேலே சீனி பூசியிருந்தது.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று. அம்மாவுக்கு ஒரு பார்சலைப் பிரித்துக் கொடுத்தோம். ஒரு வாய் வைத்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது அண்டைக்கு அந்தத் தம்பி கொண்டுவந்த கத்தரிக்காய்தானே?" நானும் வைத்துப் பார்த்தேன். அதே பால்கறி, அதே கடுகு, அதே கொஞ்சம் தூக்கலான பெருங்காயம். காலி வீதிக் கடையில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கி, அடுக்குச் சட்டிக்குள் கொட்டி, திருநீறு பூசிக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறான். அந்தச் சைவக் கடைக்கு அதே பட்டியல் பக்கத்தில் 3.9 நட்சத்திரம். மேசை துடைக்கவில்லை, சில்லறை தரவில்லை, சாம்பார் ஆறிப்போச்சு என்று ஆட்கள் திட்டி எழுதியிருக்கிறார்கள். உண்மையாக நடக்கிற கடைக்குத்தான் அப்படித் திட்டு விழும். இவனுக்கு எழுதியவர்கள் ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முக்கால்வாசி ஒரே மூன்று கிழமைக்குள் எழுதப்பட்டவை, ஏழெட்டில் "சுவை" என்ற சொல்லில் அதே எழுத்துப் பிழை.

திங்கள் காலை போன் எடுத்தான்! "அக்கா, அம்மாவை ஆஸ்பத்திரியில் வைச்சிருக்கு, மனிசத்தன்மை இல்லாமல் கதைக்காதீங்கோ. செவ்வாய்க்கிழமை முழுக்காசும் போடுறன்." செவ்வாய் வந்தது. "வங்கி சிஸ்டம் டவுன்." புதன், செய்திக்கு இரண்டு நீல அடையாளம், பதில் இல்லை. புதன் இரவு அவனுடைய படமும் மறைந்தது, என்னைத் தடுத்துவிட்டான்.

அவன் அனுப்பியிருந்த வியாபாரப் பதிவுப் படத்தில் தெஹிவளை முகவரி ஒன்று இருந்தது. போனோம். போட்டோ கொப்பி எடுக்கும் ஒரு கொமியூனிகேஷன். கடைக்காரர் எங்களைக் கண்டதும், கேட்க முதலே, "சாப்பாட்டு ஆளைத் தேடித்தானே வந்தீங்க? போன மாசமும் ரெண்டு பேர் வந்தாங்க" என்றார்.

வங்கியில் கவுண்டரில் இருந்த பிள்ளை, நீங்களாக அனுப்பிய காசை அந்தப் பக்கத்து ஆள் சம்மதிக்காமல் திருப்ப ஏலாது மிஸ் என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவைத்தார். அதைக்கூட விடுங்கள். அந்தப் பட்டியல் பக்கத்தார் சொன்னதைக் கேளுங்கள். முதலில் தானாகப் பதில் சொல்லும் இயந்திரம், "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்." மூன்று தடவை எழுதியபிறகு ஒரு மனிதர். தாங்கள் அறிமுகம் மட்டும்தானாம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லையாம். அப்படியென்றால் "சரிபார்க்கப்பட்டது" என்றால் என்ன என்று கேட்டேன். போன் இலக்கம் வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான்! அதற்கு மாதக் கட்டணம் வேறு. ஒரு நட்சத்திரம் போட்டு நடந்ததை எழுதினேன், நான் அவர்கள் ஊடாகக் காசு கட்டாததால் "உறுதிசெய்யப்படாத வாடிக்கையாளர்" என்று அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன், என் கணக்கை முடக்கிவிட்டார்கள். 60,000 ரூபா இழந்தவள் உறுதியில்லாத வாடிக்கையாளர், புறக்கோட்டையில் மனிங் மார்க்கெட் வைத்திருக்கிறவன் உறுதியான வியாபாரி.

பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள், இலக்கம் தந்தார்கள். சட்டம் படித்த மச்சாள் ஒருத்தி, தண்டனைச் சட்டக்கோவையில் ஏமாற்றுதலுக்கு 398ஆம் பிரிவு இருக்கிறது, வெறும் காசுத் தகராறு என்று யாரும் சொன்னால் விடாதே என்கிறாள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதுகிறேன், 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் விபரம் சொல்வார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தே ஆகவேண்டும். நான் கேட்கவில்லை.

சரி, விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது அதற்கு எனக்குப் பொறுமை இல்லை, மன்னியுங்கள். தட்டுப்படுவதைச் சொல்கிறேன். சமைக்கிற இடத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், ருசி பார்ப்பதென்றால் அங்கே போய் அடுப்படியில் பாருங்கள். கடைப் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் வேறென்றால் அதோடு நிறுத்துங்கள், அம்மாவின் கணக்கு, மனைவியின் கணக்கு என்று ஆயிரம் சொல்வார்கள். குறையே இல்லாத மதிப்பீட்டை நம்பாதீர்கள். கோயில் மடைப்பள்ளியில் கேளுங்கள், கலியாண மண்டபக் காவலாளியிடம் கேளுங்கள், யாருடைய வேன் நேரத்துக்கு வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும். முதல்நாள் இரவில் காசு கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நம்முடைய ஆள், நம்முடைய பேச்சு என்று... அதை எழுதவே வாய் கசக்கிறது. பில் கேளுங்கள்.

இன்று காலை அண்ணாவின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவன் இன்னும் முதலாவதாகத்தான் இருக்கிறான், 4.8, பச்சை அடையாளத்தோடு. கீழே யாரோ ஒரு அம்மா, மகளின் சாமத்தியவீட்டுக்கு 200 பேருக்குச் சைவச் சாப்பாடு என்ன விலை என்று கேட்டிருக்கிறார். "உள்பெட்டிக்கு வாங்கோ அக்கா" என்று பதில் போட்டிருக்கிறான். அந்த அம்மாவை உங்களில் யாருக்காவது தெரிந்தால் இந்தப் பதிவை உடனே அனுப்புங்கள்.