எஸ்ரா பென்சனா, ஹியூ பிரவுனா?

யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபை என்றால், பழமைவாதக் குடியரசுக் கட்சியின் கோட்டை என்றுதான் வெளியில் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த 1960களில், அந்தச் சபையின் மேல்மட்டத்திலேயே எஸ்ரா பென்சன், ஹியூ பிரவுன் என்ற இருவர் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மதத் தலைவர் அரசியல் பேசினால் எப்படிப் பேச வேண்டும் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. இருவரையும் படித்த பிறகு நான் பிரவுன் பக்கம்தான் நிற்கிறேன். அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல நான். வெளியிலிருந்து படித்தவன் சொல்வதாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்ரா டாஃப்ட் பென்சன் ஐடஹோ மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1943இல் அப்போஸ்தலர் ஆனார்; அதாவது, தலைமைக்கு அடுத்த நிலையில் சபையை நடத்தும் பன்னிருவரில் ஒருவர். போர் முடிந்த கையோடு, 1946இல் ஐரோப்பா போய் நிவாரணப் பணிகளை முன்னின்று நடத்தினார். அப்போஸ்தலராக இருந்தபடியே 1953 முதல் 1961 வரை அதிபர் ஐசன்ஹோவரின் வேளாண் அமைச்சராகவும் இருந்தார். உழைப்பிலோ விசுவாசத்திலோ குறை சொல்ல முடியாத மனிதர். ஆனால் கம்யூனிச எதிர்ப்பு அவரிடம் கிட்டத்தட்ட வேதம்போல ஆகிவிட்டது. தீவிரக் கம்யூனிச எதிர்ப்பு அமைப்பான ஜான் பிர்ச் சங்கத்தை வெளிப்படையாக ஆதரித்தார். உரிமைப் போராட்டத்தைக் கம்யூனிஸ்டுகள் கருவியாக்கிக்கொள்கிறார்கள் என்று 1967இல் சபையின் மாநாட்டு மேடையிலேயே பேசினார்.

ஹியூ பி. பிரவுன் வழக்கறிஞர். கனடாவில் வளர்ந்து, முதல் உலகப் போரில் கனடா ராணுவத்தில் மேஜராக இருந்தவர். பிறகு யூட்டாவில் ஜனநாயகக் கட்சிக்கே தலைமை தாங்கினார். 1958இல் அப்போஸ்தலர், 1961இல் சபைத் தலைவர் டேவிட் மெக்கேயின் ஆலோசகர். 1963 அக்டோபர் மாநாட்டில், நிறமோ மதமோ பார்க்காமல் எல்லோருக்கும் முழுக் குடியுரிமை வேண்டும் என்ற அறிக்கையை வாசித்தவர் இவர்தான்.

மெக்கே இருவரையும் கூடவே வைத்திருந்தார். அதே 1963 ஜனவரியில், சபையைத் தங்களோடு சேர்த்துக் காட்ட முயன்ற பிர்ச் சங்கத்தாரைக் கண்டித்துத் தலைமையிலிருந்து அறிக்கை வந்தது. 1968 அதிபர் தேர்தலில் நின்ற, இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் தன்னோடு துணை அதிபர் வேட்பாளராக நிற்கப் பென்சனைக் கேட்டபோது மெக்கே அனுமதிக்கவில்லை. பென்சனும் கீழ்ப்படிந்தார்.

சரி, கொள்கையில் யார் சரி என்பதை ஒதுக்கிவைப்போம். என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. தலைவரின் அரசியலோடு ஒத்துப்போகாத ஒரு சாதாரண விசுவாசி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நிமிர்ந்து உட்கார முடியுமா? மார்மன் சபையில் இது சின்ன விஷயமில்லை. அங்கே தலைவரைத் தீர்க்கதரிசி என்றே அழைக்கிறார்கள். ஒரு தலைவர் இறந்தால், அப்போஸ்தலர்களில் பதவிமூப்பு உள்ளவரே அடுத்த தலைவராகிறார். ஆக, இன்றைக்கு ஓர் அப்போஸ்தலர் சொல்லும் அரசியல் கருத்து நாளைக்குத் தீர்க்கதரிசியின் வாக்காகிவிடலாம். ‘அது அவருடைய சொந்தக் கருத்து’ என்று விசுவாசி தள்ளிவைப்பது அவ்வளவு எளிதல்ல.

இந்த இடத்தில்தான் இருவரும் அடியோடு வேறுபடுகிறார்கள். நல்ல மார்மன் ஒருவர் தாராளவாத ஜனநாயகக் கட்சிக்காரராக இருக்க முடியுமா என்று 1974இல் கேட்டபோது, சுவிசேஷத்தைப் புரிந்து அதன்படி வாழ்பவருக்கு அது மிகக் கடினம் என்றார் பென்சன். வாக்குச்சீட்டை வைத்து விசுவாசத்தை அளந்த பேச்சு அது. பிரவுனோ 1968இல் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பட்டதாரிகளிடம், அரசியலில் மாறுபடுகிறவரின் நேர்மையைச் சந்தேகிக்காத மனமுதிர்ச்சியை வளர்த்துக்கொள்ளச் சொன்னார். பென்சன் வழியில் மாற்றுக் கட்சிக்காரர் பாதி விசுவாசியாகிவிடுகிறார். பிரவுன் வழியில் அவர் முழு விசுவாசியாகவே இருந்து வாதாடலாம்.

பிரவுனிடமும் குறை உண்டு. அந்தச் சபையில் சாதாரண ஆண் உறுப்பினர்களுக்கும் தரப்படும் குருத்துவம் கறுப்பினத்தவருக்கு மறுக்கப்பட்ட விதி மாற வேண்டும் என்று விரும்பியவர் அவர். அப்படியிருந்தும் அந்த விதியை உறுதிசெய்து 1969 டிசம்பரில் வந்த கடிதத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. மனமில்லாமல் போட்ட கையெழுத்து என்கிறார்கள். அந்த அறையில் எவ்வளவு நெருக்கடி இருந்தது என்பதை வெளியிலிருந்து என்னால் எடைபோட முடியாது. ஆனாலும் அது உறுத்துகிறது. 1970 ஜனவரியில் மெக்கே இறந்தார். அடுத்து வந்த தலைவர் பிரவுனை ஆலோசகராக வைத்துக்கொள்ளவில்லை. 1975இல் பிரவுன் இறந்தார். தடை நீங்கியது 1978இல்.

பென்சன் 1985இல் தலைவரானார். அப்போது அவர் பேச்சில் கட்சி அரசியல் பின்னுக்குப் போய், சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தை வாசியுங்கள் என்ற அழைப்பு முன்னுக்கு வந்தது. அவருடைய மிகச் சிறந்த பிரசங்கமாக நான் நினைப்பது, பெருமை என்ற பாவத்தைப் பற்றி 1989இல் தந்ததுதான். மற்றவர்களைப் பகையாகப் பார்ப்பதே பெருமையின் மையம் என்கிறது அது.

அப்புறம் இன்னொன்று. 1995இல் சபைத் தலைவரின் ஆலோசகராக வந்த ஜேம்ஸ் ஃபாஸ்ட், யூட்டா சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சி உறுப்பினராக இருந்தவர். 2007இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.