நாய்க்கான இடுப்பு வார்: எட்டு மாதம் கட்டி நடந்த பிறகு

கோத்தகிரியில் காலை நேரத்தில் நாயோடு தேயிலைத் தோட்டச் சாலைகளில் நடப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கழுத்தில் பைனாகுலரும் தொங்க நடப்பவள், எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான். நாயும் பறவையும் ஒன்றாகச் சரிப்படாது என்று நான்கு வருடம் நம்பியிருந்தேன். வலது கையில் என் நாய் செவலையின் வார், இடது கையில் 8x42 பைனாகுலர். அது அறுநூற்றைம்பது கிராம் எடை. ஒற்றைக் கையில் பிடித்தால் பறவை கண்ணாடிக்குள் நிற்காது. எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும் பறவையோடு கையின் நடுக்கமும் எட்டு மடங்கு பெரிதாகும்.

ஒரு நாள் சோலையின் ஓரத்தில், முழங்கால் உயரப் புதருக்குள் கருஞ்செம்மஞ்சள் ஈப்பிடிப்பான் ஒன்று வந்து உட்கார்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. பைனாகுலரைத் தூக்கினேன், செவலை ஒரு வாசனையைப் பிடித்து இழுத்தாள், பறவை போய்விட்டது. மறுநாளிலிருந்து அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். நான் திரும்பும்வரை அவள் கேட்டுக்கு அருகிலேயே படுத்திருந்தாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பத்து நாளுக்கு மேல் என்னால் அப்படிப் போக முடியவில்லை.

அப்போதுதான் இந்த இடுப்பு வாரை வாங்கினேன். விலை ஆயிரத்து நூறு ரூபாய். இதே அமைப்பில் பலர் தயாரிக்கிறார்கள் என்பதால், எந்த நிறுவனம் என்பதைவிட எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குவதே நல்லது. நம் இடுப்பில் கட்டிக்கொள்ள நான்கு விரல் அகலத்தில் ஒரு பெல்ட். அதில் ஓடும் ஒரு வளையம். வளையத்திலிருந்து ஒன்றரை மீட்டர் வார். வாரின் நடுப்பகுதி எலாஸ்டிக். இடுப்புக்கு அருகில் ஒரு கைப்பிடி, நாயைச் சட்டென்று ஒட்டிப் பிடித்துக்கொள்ள. வாரின் மறுமுனையைச் செவலையின் மார்புப் பட்டையில்தான் மாட்டுகிறேன். கழுத்துப் பட்டையில் மாட்டினால் ஒவ்வொரு இழுப்பும் அவள் தொண்டையில் விழும்.

முதல் நாளே இரண்டு கைகளும் எனக்குத் திரும்பக் கிடைத்தன. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரண்டு கைகளாலும் பைனாகுலரைப் பிடித்து ஒரு நீலகிரிச் சிரிப்பானை முழுதாக ஒரு நிமிடம் பார்த்தேன். கண்ணுக்கு மேலே அந்த வெள்ளைப் புருவம், பழுப்புச் செம்மை நிற வயிறு, கத்தும்போது அதிரும் தொண்டை. கீழே செவலை லேசாக இழுத்தாள். எலாஸ்டிக் அதை வாங்கிக்கொண்டதால் என் கை அசையவில்லை. அந்த ஒரு நிமிடத்திற்கே ஆயிரத்து நூறு ரூபாய் தகும்.

ஒரு குறையை மட்டும் நானே சரிசெய்ய வேண்டியிருந்தது. உலோக வளையமும் கொக்கியும் அடிக்கடி மோதி கிணுகிணுவென்று ஒலித்தன. நம் காதுக்கு அது சின்ன ஓசைதான். சாலையோரம் கிளறிக்கொண்டிருக்கும் காட்டுக்கோழிக்கு அப்படி அல்ல. பழைய கம்பளி நூலை வளையத்தைச் சுற்றி இறுகச் சுற்றினேன், ஓசை நின்றது. கூடவே வரும் சிறு பையின் மூடி வெல்க்ரோவால் ஆனது. பிஸ்கட் எடுக்கத் திறந்தால் 'பர்ர்' என்று கிழியும். அதைப் பிரித்துவிட்டு ஒரு பொத்தான் தைத்துக்கொண்டேன்.

பெரிய குறை வேறு. இதை வாங்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து தவிர்க்காமல் படியுங்கள். பெல்ட்டைச் சட்டென்று கழற்றும் பூட்டு முதுகுப் பக்கம் வரும்படி அமைத்திருக்கிறார்கள். நவம்பரில், மழை விட்ட ஒரு காலையில், மூடுபனிக்குள் முப்பது அடி தூரத்தில் ஒரு காட்டுமாடு நின்றது. செவலை பாய்ந்தாள். ஈரத் தார்ச்சாலையில் என் கால் வழுக்கி முழங்கால் மடங்க விழுந்தேன். கை முதுகுக்குப் போகவில்லை. நல்லவேளை, கைப்பிடி அகப்பட்டது. அவளை ஒட்டி இழுத்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து வந்தோம். மாடு தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. அன்றிலிருந்து பெல்ட்டைத் திருப்பி, பூட்டு இடது பக்கம் முன்னால் வரும்படிதான் கட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கழற்ற வீட்டிலேயே பழகினேன். செவலை பதினேழு கிலோ, நான் ஐம்பத்தெட்டு கிலோ. ராஜபாளையம் போன்ற பெரிய நாய் வைத்திருப்பவர்கள், அது இழுக்காமல் நடக்கப் பழகும்வரை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டாம்.

சிறுத்தை பற்றியும் சொல்ல வேண்டும். நாயை விரும்பி அடிக்கும் விலங்கு அது. தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் என்னை நிறுத்தி, "டீச்சர், பாறை வளைவுப் பக்கம் இரண்டு நாளாக நடமாட்டம் இருக்கிறது. வெயில் வந்தபிறகு போங்கள்" என்று சொல்வார்கள். அவர்கள் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். இருட்டோடு கிளம்பிய பழக்கத்தை விட்டுவிட்டு, இப்போது நன்றாக விடிந்த பிறகே கிளம்புகிறேன்.

வாரில் கட்டிய நாயாலும் பறவைகளுக்குத் தொல்லை உண்டா? உண்டு. 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், சிட்னியை ஒட்டிய காட்டுப்பாதைகளில் வாரில் பிடித்த நாய்களோடு நடந்தார்கள். யாரும் நடக்காத பாதைகளோடு ஒப்பிட்டபோது பறவை வகைகள் 35 சதவீதமும், எண்ணிக்கை 41 சதவீதமும் குறைவாக இருந்தன. அதைப் படித்ததிலிருந்து லாங்வுட் சோலைப் பக்கம் செவலையை அழைத்துப் போவதே இல்லை. 116 ஹெக்டேர் சோலை அது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. அதை நான் தனியாகப் போய்த்தான் பார்க்கிறேன். எங்கள் இருவருக்கும் தோட்டச் சாலை போதும். ஏற்கெனவே ஆளும் ஜீப்பும் போய்வரும் இடம்.

அங்கேயும் வாரின் நீளம் முக்கியம். சாலைக்காக வெட்டிய மண்சரிவின் பொந்துகளில் புதர்ச்சிட்டு கூடு கட்டும். ஆண் கறுப்பு, சிறகில் வெள்ளைத் திட்டு, பெண் பழுப்பு. பிப்ரவரி முதல் மே வரை கூடு கட்டும் காலம். இந்தப் பொந்துகளோ சரியாக நாயின் மூக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. ஐந்து மீட்டர் ஓடும் சுருள்வார் வைத்திருந்த காலத்தில் செவலை எத்தனை பொந்துகளில் மூக்கை நுழைத்தாளோ என்று நினைத்தால் மனம் வலிக்கிறது. இந்த ஒன்றரை மீட்டரில் நான் சாலையின் மறுபக்கம் நடந்தால் அவளுக்குச் சரிவு எட்டாது.

போன செவ்வாய்க்கிழமை அவள் தானாக நின்றாள். காதுகள் நிமிர்ந்தன, எலாஸ்டிக் தளர்ந்தது. அவள் பார்த்த திசையில் பைனாகுலரைத் திருப்பினேன். தேயிலை வரிசைகளுக்கு நடுவே சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் ஒன்று, கழுத்து இறகுகளில் வெயில் பட்டுப் பொன்புள்ளிகள் மின்ன, நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்து முடிக்கும்வரை செவலை உட்கார்ந்திருந்தாள்.

மழையில் நனைந்த பெல்ட்டையும் வாரையும் வெயிலில் காயப்போடாதீர்கள், எலாஸ்டிக் விறைத்துவிடும். அடுப்படி ஓரத்தில் தொங்கவிட்டால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடுகிறது.