அயர்ன் செட்: முதலிலேயே எடைபோட்டுச் சேர்ப்பதா, கடைசியில் ஈயம் ஒட்டுவதா?

உதிரியாக வாங்கி கோல்ஃப் அயர்ன் செட் (நம்பர் போட்ட இரும்புத் தலை மட்டைகள்) கோர்க்கும்போது எடையைச் சரிக்கட்ட இரண்டு வழி. ஹெட் (பந்தை அடிக்கும் தலை), ஷாஃப்ட் (தண்டு), கிரிப் (கைப்பிடி) மூன்றையும் நிறுத்துப் பார்த்து ஜோடி சேர்ப்பது ஒன்று. கைக்கு வந்ததை ஒட்டிவிட்டு, குறைகிற இடத்தில் ஈயப் பட்டையோ பித்தளைக் குச்சியோ சேர்ப்பது மற்றொன்று. நான் முதல் கட்சி.

செலவில் பெரிய வித்தியாசமில்லை. டவுன் வெள்ளிக்கடைகளில் இருக்கிற மாதிரி 0.1 கிராம் காட்டும் தராசு போதும். ஒரு சாயங்காலம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

நம்பர் ஏற ஏற மட்டை அரை இஞ்ச் அரை இஞ்ச்சாகக் குறையும்; ஒவ்வொரு அரை இஞ்சுக்கும் ஹெட் 7 கிராம் ஏற வேண்டும். 6-ம் நம்பர் ஹெட் 263 கிராம் என்றால் 7-ம் நம்பர் 270. வந்தது 260-ம் 272-ம் என்றால் இடைவெளி 12 ஆகிவிடுகிறது. ஹெட்டில் 2 கிராம் என்பது ஒரு ஸ்விங்வெயிட் (வீசும்போது தலைப்பக்கம் எவ்வளவு கனக்கிறது என்ற அளவு) புள்ளி; ஆக இரண்டரைப் புள்ளி தப்பு. ஷாஃப்டுகளை வெட்டுவதற்கு முன், ஒரே நீளத்தில் இருக்கும்போதே நிறுங்கள். லேசான 6-க்குக் கனத்த ஷாஃப்ட், கனத்த 7-க்கு லேசானது. மொத்த எடை நெருங்கிவிடும். ஸ்விங்வெயிட் அதில் கொஞ்சம்தான் நகரும் (9 கிராமுக்குத்தான் ஒரு புள்ளி), மீதியைக் கிரிப் பார்த்துக்கொள்ளும்: 5 கிராம் குறைந்த கிரிப் ஏறக்குறைய ஒரு புள்ளி ஏற்றும். கிரிப்பை மட்டும் நம்பினால் ஸ்விங்வெயிட் ஒத்துப்போகும், மொத்த எடை இன்னும் இறங்கிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஒட்டுகிற கட்சி தோற்பது பராமரிப்பில். நம்மூர்ச் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் கிடக்கும் செட்டில் பட்டையின் பசை இளகும், ஓரம் தூக்கும், மண்ணைத் தட்டிய ஒரு அடியில் பறந்துவிடும். அரை இஞ்ச் அகலத்தில் 4 இஞ்ச் பட்டை 2 கிராம். அது போனால் ஒரு புள்ளியும் போச்சு. டயர் கடை பேலன்சிங் ஈயத்தை வாங்கி ஒட்டுகிறவர்களும் உண்டு. ஒரு துண்டே 5 கிராம், அவ்வளவு நுணுக்கமான சோலிக்கு ஆகாது. ஷாஃப்ட் நுனியில் இறக்கும் பித்தளைக் குச்சி கழன்று விழாது, ஆனால் 6 கிராமுக்கு மேல் போனால் எடை ஹீல் பக்கம் (ஹெட்டில் ஷாஃப்ட் சேரும் பக்கம்) சாய்கிறது. டங்ஸ்டன் தூள் போட்டு கார்க் அடைத்தால், கார்க் தளர்ந்த அன்றைக்கே உள்ளே கலகலக்கும்.

எவ்வளவு எடை கையில் இதமாக இருக்கிறது என்று நாலு நாள் சோதிக்க மட்டும் ஈயப் பட்டையை விட்டால் வேறில்லை. இதெல்லாம் ஸ்டீல் ஷாஃப்ட் கணக்கு. கிராஃபைட்டில் என் கை அதிகம் பழகவில்லை.