இ.எஸ்.ஐ. பென்ஷனை மொத்தமாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால்

காரைக்குடிப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் கை மாட்டி வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மெடிக்கல் போர்டு 20 சதவீத இழப்பு என்று எழுதியது. அப்போது என் தினக்கூலி 400 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்குப்படி அதில் 90 சதவீதம் 360, அதில் என் இழப்புக்கு 20 சதவீதம் 72. ஆக நாளுக்கு 72 ரூபாய், ஆயுசு முழுக்க.

மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரம். கொப்புடையம்மன் கோயில் பக்கம் டீக்கடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "மாசாமாசம் வாங்கி என்னண்ணே மிஞ்சும்? மதுரை ஆபீஸ்ல நம்ம ஆளு இருக்காரு, நாலு லட்சமா எடுத்துத் தர்றேன்" என்றார். வட்டிக்கணக்குப் பேசியே வளர்கிற ஊர் இது. நாளுக்கு 72 என்றால் வருஷத்துக்கு 26,280. எனக்கு வயது 42; பதினாறு வருஷத்திலேயே அது நாலு லட்சத்தைத் தாண்டிவிடும். அந்தக் கணக்கைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை. நாலு லட்சம் என்றதும் மயங்கிவிட்டேன்.

முன்பணம் 25,000, வெற்றுத்தாளில் நாலு கையெழுத்து, பாஸ்புக், ஏடிஎம் கார்டு. "பழைய கணக்கை முடிச்சாத்தான் புதுசா ஏறும்" என்று சொல்லி பின் நம்பரையும் வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் என் பணத்தை அவரே எடுத்திருக்கிறார்.

அப்புறம்தான் நேரில் மதுரை இ.எஸ்.ஐ. ஆபீஸுக்குப் போனேன். சீட்டில் இருந்த அம்மா சட்டத்தைச் சொன்னார். போர்டின் முடிவு இறுதியானதாக இருக்க வேண்டும். தினத்தொகை 10 ரூபாய்க்குள், இல்லாவிட்டால் பென்ஷனை ஒரே தொகையாக மாற்றினால் வரும் மொத்த மதிப்பே 60,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் மொத்தமாக வாங்கலாமாம். 72 ரூபாய்க்காரனுக்கு அந்தக் கதவே கிடையாது. "விலைவாசிக்குத் தகுந்தபடி அப்பப்ப இந்தத் தொகையை உயர்த்துறாங்க, மொத்தமா வாங்கினா அதுவும் போயிருமே" என்றார். இந்தப் பணத்தை அடகு வைக்கவோ அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது, கடனுக்கு ஜப்தி செய்யவும் முடியாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. சதவீதம் குறைவு என்று தோன்றினால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் புரோக்கர் வேண்டாம் என்றார்.

கார்டை பிளாக் செய்தேன், போலீசில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். பீஸுக்காக மனைவியின் சங்கிலி அடகில் இருக்கிறது. அந்த ஆள் இப்போது தேவகோட்டைப் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் பச்சை ஃபைல். முதலில் கையைப் பார்ப்பார், அப்புறம் கேட்பார்: "மாசம் எவ்வளவுண்ணே வருது?"