அம்மா சொல்லும் ‘சீரியல்’: ஐந்து வருடம் கழித்து

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பன் போன கிழமை கேட்டான்: “மச்சான், உன்ரை வீட்டிலை அறை அறையாப் பாட்டுப் போற அந்தச் செற் எப்பிடி? பழசு ஒண்டு மலிவா வருது.” போனில் சொல்லத் தொடங்கினால் திட்டுத்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

ஆறு சோன் (தனித்தனியாகப் பாட்டும் சத்தமும் வைக்கக்கூடிய அறைகள்), ஆறு இன்புட் உள்ள அம்பிளிபையர். லண்டன் அத்தான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தது. இதற்கு ஆப் எதுவும் கிடையாது. சுவரில் பூட்டும் கீபேட், பின்னால் கம்பியூட்டரில் இருந்து கட்டளை அனுப்ப ஒன்பது ஊசி சீரியல் சொக்கெற், அவ்வளவுதான். சீரியல் என்று நான் சொன்ன முதல் நாள் அம்மா, “எத்தினை மணிக்குப் போகுது?” என்று கேட்டா.

ஒன்பது ஊசியில் வேண்டியது மூன்றுதான்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்ட். வேகம் செக்கனுக்கு 9600 பிற். சாமியறைச் சத்தத்தை 8இல் வை என்று சொல்ல எட்டு எழுத்துப் போதும்; ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. கடைசி எழுத்து 13ஆம் இலக்கக் குறியாக இருக்க வேண்டும். என் கம்பியூட்டரில் ஓடும் லினக்ஸ் வழக்கமாக வரி முடிவில் போடுவது 10. அதை அனுப்பினால் இந்தப் பெட்டி பிழை என்றும் சொல்லாது, சரி என்றும் சொல்லாது, கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

அதன்பிறகு, சும்மா சொல்லக்கூடாது, சுகம்தான். விடிய ஐந்தரைக்கு சாமியறையில் தேவாரம், ஆறுக்குக் குசினியில் வானொலிச் செய்தி, விறாந்தையில் அப்பா கீபேடைத் தொட்டால் மட்டும் பழைய பாட்டு. எல்லாம் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கம்பியூட்டர் பார்க்கிறது. இன்ரநெற் போனாலும் தேவாரம் நிற்காது. இந்த சீரியல் முறை, ஆர்எஸ்-232, வந்தது 1960இல். அப்பாவின் வயதுக்குக் கிட்ட. இரண்டு பேரும் இன்னும் சொன்ன சொல் மாறுவதில்லை.

என் கோபம் வேறு இடத்தில். சோலார் இன்வேட்டரின் கணக்கையும் இதே பைதான் எடுக்கிறது, அதற்கும் ஒரு சீரியல் வயர். ஆக, யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கிய இரண்டு யுஎஸ்பி அடாப்டர், ஒரே சாதி, ஒரே மலிவு. உள்ளே இருக்கும் சிப்புக்குத் தனி இலக்கம் இல்லை. கரண்ட் போய் வந்தால் எது முதலில் எழும்புகிறதோ அதற்கு 0, மற்றதற்கு 1. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று சொல்லி நாடு முழுக்க இருண்ட ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பற்றரியில் லைட்டும் பானும் மட்டும்தான், பையும் நின்றுவிட்டது. திரும்ப எழும்பியபோது 0உம் 1உம் மாறிவிட்டன; திங்கள் விடிய தேவாரம் இல்லை. இன்வேட்டருக்கு 2400 வேகம்தான் விளங்கும். நான் அனுப்பிய தேவாரக் கட்டளையை அது என்னவென்று நினைத்ததோ தெரியாது. “உன்ரை சீரியல் முடிஞ்சுதோ?” என்று அம்மா கேட்டா.

சரி, சிப்பை விட்டுவிட்டு எந்த ஓட்டையில் குத்தியிருக்கிறது என்பதை வைத்து அடையாளம் பிடிக்கிற மாதிரி மாற்றினேன். இரண்டு மாதம் நிம்மதி. பிறகு சித்திரை வருடப்பிறப்புக்குத் தூசி தட்டிய தங்கச்சி இரண்டையும் கழற்றி, மாறிக் குத்திவிட்டாள். இப்போது ஒரு ஓட்டையிலும் ஒரு வயரிலும் அவளுடைய சிவப்பு நகப்பூச்சு. என் முழு சிஸ்டத்திலும் ஒருநாளும் பிழைக்காத பகுதி அந்தப் பூச்சுத்தான்.

நியாயமாகப் பார்த்தால் அம்பிளிபையரில் குற்றமில்லை. ஐந்து வருடத்தில் ஒரு சோன்கூடச் சாகவில்லை. ஆனால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு திக்கென்கிறது. பாட்டுக் கேட்கிற சாமானுக்கு இது தேவையா?

ஆகவே மச்சான், வாங்காதே. சுவர் பூசுமுன் ஒவ்வொரு அறைக்கும் ஸ்பீக்கர் வயரை மட்டும் இழுத்துவிடு, பிறகு எதையும் பூட்டலாம். அந்த மலிவுச் செற் விற்கிறவரின் நம்பரை எனக்கு அனுப்பு. இது எப்போதாவது படுத்துவிட்டால் மாற்றுக்கு ஒன்று வீட்டில் கிடக்கட்டும்.