பதினான்கு கோரிக்கையா, ஒற்றைக் கோரிக்கையா?

மதுரை பெரியார் பஸ் நிலைய வாசலில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் கைக்கு வந்தது. கொடுத்தவர் தெரிந்தவர்தான், முன்பு அச்சகத்தில் இருந்தார், இப்போது சங்க வேலை. மொத்தம் பதினான்கு கோரிக்கைகள். ஆறாவது, பணியிடக் கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும். பதினான்காவது, ‘ஏழை பணக்காரன் ஏற்றத்தாழ்வை ஒழித்திடு!’ இரண்டும் ஒரே அளவு எழுத்தில்.

“அண்ணே, இதில் எதற்காகத் தெருவில் உட்காரப் போகிறீர்கள்?”

“எல்லாவற்றுக்கும்தான் தம்பி.”

அப்படி எல்லாவற்றுக்குமாக உட்கார்ந்து பேர் வாங்கியவர்கள் நியூயார்க்வாசிகள். 2011 செப்டம்பர் 17 அன்று அமெரிக்கப் பணச்சந்தையின் தெருவான வால் ஸ்ட்ரீட் அருகே சுக்கோட்டி பூங்காவில் முகாமிட்டார்கள். கோரிக்கைப் பட்டியல் எங்கே என்று பத்திரிகைகள் கேட்டபடியே இருந்தன. ஒருவரிடம் கேட்டாலே அவருடைய அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்களில் ஒரு சாராரின் வாதம். நவம்பர் 15 அதிகாலையில் போலீஸ் முகாமைக் காலி செய்தது. சட்டம் ஏதும் கைக்கு வரவில்லை. ஆனால் ‘நாங்கள் 99 சதவீதம்’, அதாவது ஒரு சதவீதப் பெரும் பணக்காரர்கள் போக மீதி எல்லோரும் நாங்கள் என்ற வரி, நாடு நாடாகப் போனது. செய்தி தெளிவில்லாத போராட்டம் என்று அதைச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. செய்தி பளிச்சென்று இருந்தது, கோரிக்கைதான் இல்லை.

அதே ஊரில் 2012 நவம்பர் 29 அன்று துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மணிக்கு 15 டாலர் கூலி, சங்கம் வைக்கும் உரிமை. அப்போது அங்கே குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், சிரிப்பதற்கு ஆள் குறைவில்லை. 2016 ஏப்ரலில் நியூயார்க், கலிபோர்னியா மாநிலங்கள் படிப்படியாக 15 டாலருக்கு உயர்த்தச் சட்டம் போட்டன. சங்கம் என்ற பாதி மட்டும் பெரும்பாலும் வெறுங்கையாகவே நிற்கிறது.

நம் பக்கம் ஒற்றைக் கோரிக்கைக்கு உதாரணம் தேட மேலூரைத் தாண்ட வேண்டாம். அரிட்டாபட்டி வட்டாரத்து டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய், அவ்வளவுதான். 2025 ஜனவரி 7 அன்று ஊர் ஊராகத் திரண்டவர்கள் தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் நோக்கி நடந்தார்கள். ஏன் அஞ்சலகம்? ஏலம் விட்டது மத்திய அரசு. மதுரையில் அதன் வாசல் அது. யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் அத்தனை தெளிவு. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

ஆனால் இந்த வெற்றியை அப்படியே ஏற்றத்தாழ்வுக்குப் பொருத்திப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலூரார் கேட்டது ‘வேண்டாம்’. ஓர் அறிவிப்பை அரசு திரும்பப் பெற்றால் போதும். கூலியும் வரியும் ‘கொடு’ ரகம். யாரோ ஒருவர் பையிலிருந்து காசு நகர வேண்டும். டெல்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்த விவசாயிகளைப் பாருங்கள். அவர்கள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்களும் 2021 நவம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டன. விளைபொருளுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும் என்பதும் தெளிவான கோரிக்கைதான், அது கிடைக்கவில்லை. தெளிவு மட்டும் காசை நகர்த்திவிடாது.

இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு ஒற்றைக் கோரிக்கைக்கே, அதுவும் எண் போட்ட கோரிக்கைக்கு. 2024-25இல் நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். ‘319ஐ முழுதாகக் கொடு’ என்று கேட்கும் பெண்ணுக்கு எந்த அதிகாரியும் ‘பரிசீலிக்கிறோம்’ என்று பூசி மெழுக முடியாது; கொடுத்தாயா இல்லையா என்பதுதான் கேள்வி. எண்ணுக்கு ஒரு குறை உண்டு, விலைவாசியோடு அது பழசாகிவிடும். கலிபோர்னியாவில் பெரிய துரித உணவு நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலிலேயே 20 டாலராக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அந்த அண்ணனிடம் ஒரு டீ ஆறும் வரை சொன்னேன். நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நோட்டீஸில் கோரிக்கைகள் மூன்றாகியிருந்தன. கழிப்பறைத் தண்ணீர் முதலில். பதினான்காவது வரியை அவர் விட்டுவிடவில்லை. அது தலைப்பாகி, கொட்டை எழுத்தில் மேலே ஏறியிருந்தது.