கப்பல் இயந்திர அறை வேலைக்குக் காசு கேட்கிறார்களா? கட்டுமுன் இதைப் படியுங்கள்

யாழ்ப்பாண நகரில் மாடியறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, வாசலில் நங்கூரப் படம் போட்ட பலகையை மாட்டி, ‘பயணிகள் கப்பல் இயந்திர அறையில் வேலை, முன் அனுபவம் தேவையில்லை’ என்று விளம்பரம் செய்யும் ஓரிடத்தில் மூன்றரை இலட்சம் ரூபாய் கட்டிவிட்டு நிற்கிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இராது; பலகையை மாற்ற அவர்களுக்கு ஒரு பிற்பகல் போதும். அவர்கள் தொழில் நடத்தும் விதத்தைத்தான் எழுதுகிறேன்.

2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் வேறொரு கப்பலுடன் சேவை மறுபடி தொடங்கியது. அந்தச் சேவையை நடத்துபவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் இவர்களின் சுவரில் தொங்கும் பெரிய படம் அந்தக் கப்பலுடையதுதான். ‘முதலில் ஐரோப்பியக் கப்பலில் இரண்டு வருடம், பிறகு காங்கேசன்துறையிலேயே வேலை, அம்மாவின் சாப்பாடு’ என்பது அவர்களின் பேச்சு. பேசுகிறவர் மிக இனிமையானவர். ‘தம்பி, வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிப் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா வரை போனது. கடலோட்டம் எங்கள் இரத்தத்தில் ஊறியது’ என்பார். அன்னபூரணி போனது உண்மை. அதில் போனவர்கள் யாரும் இவரிடம் பதிவுக் கட்டணம் கட்டிவிட்டுப் போகவில்லை.

மோட்டார் திருத்துநர் பயிற்சியை முடித்து வாகனத் திருத்தகம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தவன் நான். டீசல் இயந்திரம் எனக்குப் புதிதல்ல. அதனாலேயே கப்பல் இயந்திர அறையில் ஆசை வந்தது. அம்மா பெரிய கழிவு விட்டுச் சீட்டுக் காசை எடுத்துத் தந்தார்.

பயிற்சி என்று நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கடலில் உயிர் தப்பும் பயிற்சிக்கு எங்களைப் பண்ணைக்குக் கூட்டிச் சென்றார்கள். பண்ணைக் கடல் கரையோரத்தில் எவ்வளவு ஆழம் என்று யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் வரிசையாக நிற்கவைத்தார்கள். உயிர்காப்பு அங்கி ஒன்றே ஒன்றுதான். முதலாமவன் போட்டுப் படம் எடுத்ததும் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுத்தான். செம்மஞ்சள் நிற வேலையுடையும் அப்படியே கைமாறியது. என்னிடம் வந்தபோது முதுகுப்பக்கம் நனைந்து, வேறொருவனின் வியர்வை மணத்தது. தீயணைப்புப் பயிற்சிக்கு ஒரு தீயணைப்பான் உருளையைக் காட்டினார்கள், அமுக்கவிடவில்லை. அமுக்கினால் திரும்ப நிரப்பக் காசு வேண்டுமாம். இயந்திரப் பயிற்சி ஒரு கடையின் பின்புறத்தில், மீன்பிடிப் படகுக்குப் பூட்டும் வெளியிணைப்பு மோட்டார் ஒன்றின் முன்னால் நடந்தது. அதில் பிளக் கூட இல்லை. நெடுந்தீவுக்கு ஓடும் படகில் இயந்திரத்துக்கு அருகே ஒரு முறை நின்று போயிருந்தால் இதைவிடக் கூடக் கற்றிருக்கலாம்.

உண்மையான பயிற்சி எப்படி இருக்கும் என்பதைக் கப்பலில் வேலை செய்யும் என் மச்சான் பிறகு விளக்கினார். கப்பற் பணியாளர்களின் பயிற்சிக்கு எஸ்.ரி.சி.டபிள்யூ. என்ற 1978ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. அதன்படி அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் அங்கியுடன் உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கவேண்டும். கவிழ்ந்து கிடக்கும் உயிர்காப்புத் தெப்பத்தைத் தண்ணீருக்குள் நின்று நிமிர்த்தவேண்டும். சுவாசக் கருவி அணிந்து புகை நிறைந்த அறைக்குள் போய்வரவேண்டும். பயணிகள் கப்பலென்றால், நெருக்கடியில் பயணிகளை வழிநடத்துவது பற்றிய பயிற்சி வேறு வேண்டும். இதைப் பற்றி எங்கள் ஆசிரியர் வாயே திறக்கவில்லை.

பிறகு வட்ஸ்அப்பில் வேலைக் கடிதம் வந்தது. பதவி மோட்டார்மேன், அதாவது இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அனுபவமுள்ள பணியாளர்; மாதச் சம்பளம் 2,200 டொலர். மச்சான் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு எரிச்சலைத் தந்தது. கடலுக்கே போகாத ஒருவனை யாரும் மோட்டார்மேனாக எடுக்கமாட்டார்கள். முதலில் வைப்பர் என்ற கடைநிலை வேலை: கப்பலின் அடியில் அழுக்குநீர் தேங்கும் பில்ஜைச் சுத்தம் செய்வது, வடிகட்டி கழுவுவது, எண்ணெய்க் கசடை அள்ளுவது. கப்பலின் எரிபொருளான கன எண்ணெயைச் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு அந்த எண்ணெய் ஏறத்தாழ 98 பாகை செல்சியஸ் சூட்டில் போகும். அதன் அருகில் நின்று வேலை செய்யவேண்டும். அதற்கு மேலே போக, இயந்திர அறைக் காவற்பணிக்கான (முறைவைத்து இயந்திரங்களைக் கண்காணிக்கும் வேலைக்கான) சான்றிதழ் வேண்டும்; அதைப் பெறக் கப்பலில் வேலை செய்த கடற்சேவைக் காலம் காட்டவேண்டும். சாதாரணமாக ஆறு மாதம். அங்கீகரிக்கப்பட்ட விசேட பயிற்சி பெற்றிருந்தாலும் குறைந்தது இரண்டு மாதம். பண்ணையில் நின்ற நேரம் அந்தக் கணக்கில் வராது.

கடிதத்தில் கப்பலின் ஐ.எம்.ஓ. இலக்கமும், அதாவது அதன் சர்வதேச அடையாள இலக்கமும் இருந்தது. இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். அது ஏழு இலக்கம் கொண்டது. முதல் ஆறு இலக்கங்களையும் முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால், வரும் தொகையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கமாக இருக்கவேண்டும். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எனக்கு 4 வந்தது, கடிதத்தில் 8 இருந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் 4. கணக்குச் சரியாக வந்தாலும் அது வேறொரு கப்பலின் இலக்கமாக இருக்கலாம் என்பதால் ஈக்வாசிஸ் என்ற இலவசத் தரவுத்தளத்திலும் தேடிப் பாருங்கள். கப்பலின் பெயர், கொடி, உரிமையாளர் எல்லாம் அதில் இருக்கும்.

இதற்கெல்லாம் முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ‘வேலைக்கு ஏன் காசு?’ கப்பற் பணியாளர்களுக்கான 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் என்ற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. ஆட்சேர்ப்புக்கோ வேலை பெற்றுத் தருவதற்கோ கடற்பணியாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று அது சொல்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடற்பணியாளர் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு நம்முடையது. விசாச் செலவு கூடக் கப்பல் உரிமையாளருடையது. பயிற்சி நிலையம் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அந்தப் பயிற்சி அங்கீகரிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். நிலையத்துக்கும் முகவருக்கும் அனுமதி உண்டா என்பதைக் கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்திடம் கேளுங்கள். அங்கே போக ஒரு நாளும் பஸ் காசும் செலவாகும், அவ்வளவுதான்.

காசைத் திருப்பிக் கேட்டபோதுதான் அவர்களின் உண்மையான கெட்டித்தனம் தெரிந்தது. பற்றுச்சீட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ‘ஆங்கில வகுப்புக் கட்டணம்’ என்று அச்சடித்திருந்தது. கப்பல், வேலை, முகவர் என்று ஒரு சொல் கிடையாது. வேண்டுமானால் வந்து ஆங்கிலம் படிக்கலாமாம், ஆசனம் இருக்கிறதாம். அவர்கள் வாங்கி வைத்திருந்த என் கடவுச்சீட்டை மட்டும், பொலிஸுக்குப் போவேன் என்று சத்தம் போட்ட பிறகு மேசை லாச்சியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். அந்த லாச்சிக்குள் இன்னும் ஒரு கட்டு இருந்தது.

முறைப்பாட்டை எழுதிய அதிகாரி, தனியொருவரின் பற்றுச்சீட்டில் வகுப்புக் கட்டணம் என்று இருந்தால் அது கொடுக்கல் வாங்கல் தகராறு போலத்தான் தெரியும் என்றும், ஒரே மாதிரியான கடிதத்துடன் பலர் வந்தால் விசாரணையின் போக்கு மாறும் என்றும் சொன்னார். ஆகவே பண்ணையில் அந்த அங்கியைப் போட்டுப் படம் எடுத்தவர்கள் படத்தை அழித்துவிடாதீர்கள். வேலைக் கடிதம், குரல் பதிவுகள், வங்கிச் சிட்டை ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். கடவுச்சீட்டு இன்னும் அவர்களிடம் இருந்தால் காசைப் பற்றிப் பேசுமுன் அதை வாங்குங்கள்.